கரண்ட் போனதும் காதில் விழும் ஃபேன் சத்தம்

ராத்திரி பத்தரை மணி. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் எதையோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள். சட்டென்று கரண்ட் போகிறது. 'இந்த ஃபேன் இவ்வளவு நேரமும் இப்படியா கடகடத்துக்கொண்டிருந்தது' என்று அப்போதுதான் உறைக்கும். சத்தம் இருந்தவரைக்கும் கேட்கவில்லை. நின்றதும் கேட்டது.

யோசித்தால் இது விசித்திரம்தான். காதுக்குள் புதிதாக எதுவும் வரவில்லை. வந்துகொண்டிருந்தது நின்றது, அவ்வளவே. வராத ஒன்றைக் கவனிக்க வேண்டுமென்றால், 'இப்போது இது வர வேண்டுமே' என்று உள்ளே யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு வருகிற பால்காரர் ஒருநாள் வராவிட்டால் உடனே தெரிகிறது. வராத மற்ற ஆயிரம் பேரை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

மூளையைப் பற்றி நம்மில் பலருக்கும் மனதில் இருப்பது கேமரா மாதிரியான ஒரு படம். கண் படம் எடுக்கிறது, காது ஒலிப்பதிவு செய்கிறது, எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்தபிறகு மூளை அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறது. கடந்த முப்பது நாற்பது வருட ஆராய்ச்சி காட்டுவது ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். மூளை முதலில் ஊகிக்கிறது. அப்புறம் வெளியிலிருந்து வருவதை வைத்து ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது. இப்படிப் பார்த்தால், கவனம் என்றும் கட்டுப்பாடு என்றும் நாம் தனித்தனியாகச் சொல்பவை இரண்டும் இந்த ஊகத்தோடு மல்லுக்கட்டும் வேலைகள்தான். ஊகம் தப்பிப்போன நூறு இடங்களில் எதற்குக் காது கொடுப்பது என்பது கவனம். பழகிப்போன ஊகம் ஒரு பக்கம் இழுக்கும்போது வேண்டிய பக்கம் போவது கட்டுப்பாடு. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் சாட்சியம்.

டிங், டிங், டிங், டொங்

முதலில் அந்த ஃபேனுக்கே வருவோம். காது நரம்புகள் ஒரே சத்தத்துக்குப் பழகிச் சோர்ந்துபோவதும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் மட்டுமே காரணமில்லை என்பதற்குச் சோதனை இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த ரிஸ்தோ நாத்தானென் 1978-ல் செய்தது. தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்துகொண்டே, ஒரே மாதிரி ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது. டிங், டிங், டிங், டிங். நடுவில் எப்போதாவது ஒரு டொங். டொங் வந்து ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆவதற்குள் மின்னலையில் ஒரு பள்ளம் விழுகிறது. கேட்பவர் அந்த ஒலியைச் சட்டையே செய்யாமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் விழுகிறது. பின்னால் வந்த சோதனைகளில், வேகமாக வரும் வரிசையில் ஒரு டிங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டாலும் இதே போன்ற எதிர்வினை வந்தது. அங்கே பழகுவதற்கோ சோர்வதற்கோ ஒன்றுமே இல்லை. வெறும் இடைவெளிக்கு மூளை பதில் சொல்கிறது.

பிறந்து சில நாளே ஆன குழந்தையிடமும் இந்தப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறார்கள். கோமாவில் இருப்பவருக்கு இது தெரிந்தால் நினைவு திரும்பும் வாய்ப்புக்கு அது ஒரு நல்ல அறிகுறி என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்கு நம் விழிப்போ அனுமதியோ தேவைப்படுவதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று. ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வெளியோரத்தில், இமையின் மேலாக விரலால் மெல்ல, மிக மெல்ல அழுத்துங்கள். எதிரில் உள்ள சுவர் அசைவதுபோல் தெரியும். இப்போது விரலை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் இடமும் வலமும் உருட்டுங்கள். விழித்திரையில் பிம்பம் முன்பைவிடப் பல மடங்கு நகர்கிறது. ஆனால் சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது. ஏன்? கண்ணைத் திருப்பச் சொல்லித் தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று பார்வைப் பகுதிகளுக்கும் போகிறது. ஆபீஸ் மெயிலில் இன்னொருவருக்கு சிசி போடுவது மாதிரி. 'இப்போது காட்சி இவ்வளவு நகரும், பதற வேண்டாம்' என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. விரல் அழுத்தியபோது அந்த சிசி போகவில்லை. அதனால் உலகமே நகர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை யோசித்து எழுதினார். 1950-ல் ஜெர்மனியில் ஃபோன் ஹோல்ஸ்ட், மிட்டல்ஷ்டெட் இருவரும், அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரியும் தனித்தனியாக இந்த நகல் யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் காரணம் இதுதான். 1998-ல் லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோர், டேனியல் வோல்பெர்ட், கிறிஸ் ஃப்ரித் மூவரும் ஆட்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து இதைச் சோதித்தார்கள். பிறர் தொடும்போது சுறுசுறுப்பாகும் பகுதிகள், தானே தொட்டுக்கொள்ளும்போது அடங்கியிருந்தன. பின்மண்டைக்குக் கீழே இருக்கும் சிறுமூளைக்கு இதில் முக்கியப் பங்கு. அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கையசைவை ஒரு ரோபோ வழியாகக் கொண்டுபோய், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து உள்ளங்கையைத் தொட வைத்தார்கள். கை அவரவர் கைதான், அசைவும் அவரவர் அசைவுதான். ஆனால் எதிர்பார்த்த நேரத்தில் தொடுகை வரவில்லை. கூச்சம் திரும்பி வந்துவிட்டது!

மொழியிலும் இதே கதைதான். 'சூடான தோசைக்குத் தொட்டுக்கொள்ள அம்மா கொஞ்சம் செங்கல் வைத்தாள்.' செங்கல்லில் உங்களுக்கு ஒரு தடுக்கல் இருந்திருக்கும். 1980-ல் மார்ட்டா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் இப்படிப்பட்ட ஆங்கில வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகக் காட்டிப் பதிவு செய்தபோது, பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லிநொடியில் ஒரு அலை எழுவதைக் கண்டார்கள். வாக்கியம் முடியும்வரை மூளை காத்திருப்பதில்லை. அடுத்த சொல்லுக்கு ஏற்கெனவே பாய் விரித்து வைத்திருக்கிறது. வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துக்கொண்டு பேசும் நமக்கு இது தெரியாததல்ல. எதிரில் இருப்பவர் வினைக்கு வருவதற்குள் நாமே வாக்கியத்தை முடித்துவைத்து எத்தனை சண்டை வாங்கியிருக்கிறோம்!

மேலிருந்து கீழே வரும் தபால்

ஊகம் எங்கே நடக்கிறது என்று கேட்டால் ஒரு இடத்தைக் கைகாட்ட முடியாது. மூளையின் வயரிங்கையே பார்க்க வேண்டும். கண்ணிலிருந்து புறப்படும் நரம்பு நேராகப் பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதிக்குப் போவதில்லை. நடுவே தாலமஸ் என்ற இடத்தில் ஒரு ஜங்ஷன். அங்கே செய்தியை வாங்கிக் கடத்தும் நியூரான்களில், அதாவது நரம்புச் செல்களில், வந்து சேரும் இணைப்புகளை எண்ணிப் பார்த்தால், கண்ணிலிருந்து வருபவை சுமார் 10 சதவீதம்தான். அதைவிட அதிகமான இணைப்புகள் மேலே உள்ள பார்வைப் பகுதியிலிருந்து கீழ்நோக்கி வருகின்றன. தகவல் கீழிருந்து மேலேதான் போகிறது என்றால் மேலிருந்து இவ்வளவு தபால் எதற்கு?

1999-ல் ராஜேஷ் ராவும் டானா பல்லார்டும் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். மேல்நிலைப் பகுதிகள் 'இதைத்தான் பார்க்கப் போகிறாய்' என்று ஊகத்தைக் கீழே அனுப்புகின்றன. கீழ்நிலைப் பகுதிகள் வந்த தகவலில் அந்த ஊகத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை, அதாவது தப்பை மட்டும் மேலே அனுப்புகின்றன. எல்லாவற்றையும் அனுப்புவதைவிட இது எவ்வளவோ சிக்கனம். இந்த மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, பார்வைப் பகுதி நியூரான்களில் அதற்கு முன் விளங்காமல் இருந்த சில நடத்தைகள் தாமாகவே வந்தன. இதே ராஜேஷ் ராவ் 2009-ல் ஐராவதம் மகாதேவனும் இருந்த ஒரு குழுவோடு சேர்ந்து சிந்துவெளி எழுத்துகளை ஆராய்ந்தார். அங்கே கேட்ட கேள்வியும் இதன் உறவுக்காரக் கேள்விதான்: ஒரு குறிக்கு அடுத்து என்ன குறி வரும் என்று எவ்வளவு தூரம் ஊகிக்க முடிகிறது?

தப்பு எதற்கு உதவுகிறது? கற்பதற்கு. சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நியூரான்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டு ஜூஸ் கிடைக்கிறது. நியூரான்கள் படபடவென்று துடிக்கின்றன. சரி, ஜூஸ் இன்பம் தருகிறது போல. பிறகு ஜூஸுக்கு முன்னால் ஒரு சைகை தருகிறார்கள். சில நாள் பழகியபின், நியூரான்கள் சைகைக்குத் துடிக்கின்றன. ஜூஸ் வரும்போது சும்மா இருக்கின்றன. ஜூஸின் ருசி ஒன்றும் குறையவில்லை, ஆச்சரியம்தான் போய்விட்டது. கடைசியாக, சைகையைக் காட்டிவிட்டு ஜூஸைத் தராமல் ஏமாற்றுகிறார்கள். ஜூஸ் வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே சரிகிறது. மறுபடியும் நம் ஃபேன். 1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மாண்டேகு மூவரும் இதைக் கணக்கோடு எழுதினார்கள். டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று வாட்ஸ்அப்பில் பரப்புபவர்கள் இந்த ஒரு சோதனையைப் படித்தால் போதும். அந்தத் துடிப்பு இன்பத்தை அளப்பதல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பது.

பார்த்தும் பாராமல்

ஊகம் தப்புவது ஓயாமல் நடக்கிற விஷயம். நாற்காலி கிரீச்சிடுகிறது, சட்டைக் காலர் உறுத்துகிறது, பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். எல்லாத் தப்புக்கும் ஓடிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. எந்தத் தப்பு பெரிது என்று ஒரு எடை போட வேண்டும். அந்த எடைக்கல்தான் கவனம்.

மாலை மங்கலில் கயிற்றைப் பாம்பென்று நினைத்து அலறியவன் கதையை நம் நாட்டில் வேதாந்தம் பேசுபவர்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகச் சொல்லிவருகிறார்கள். மூளை ஆராய்ச்சியாளர்களின் கணக்கில் அந்த ஆள் செய்தது தவறே இல்லை. வெளிச்சம் குறைவு, ஆகவே கண் தரும் செய்திக்கு எடை குறைவு. உள்ளே இருக்கும் ஊகத்துக்கு எடை அதிகம். டார்ச் அடித்தால் எடை மாறும், பாம்பு கயிறாகும்.

கண் போகும் இடத்துக்குத்தான் கவனமும் போகும் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படித்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரியுமோ ஏறக்குறைய அவ்வளவு இடத்தில்தான் நம் பார்வை கூர்மையாக இருக்கிறது. அதனால் கண் நொடிக்கு மூன்று தடவை தாவித் தாவி மேய்கிறது. ஆனால் கண்ணை அசைக்காமலும் கவனத்தை மட்டும் நகர்த்தலாம். பந்தியில் எதிரில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே, பாயசம் எந்த இலைவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பதில்லையா, அதுதான். 1980-ல் மைக்கேல் போஸ்னர் இதை அளந்தார். திரையின் நடுவில் கண்ணை வைத்திருக்க வேண்டும். ஒரு அம்புக்குறி வலமோ இடமோ காட்டும். பத்துக்கு எட்டு தடவை அந்தப் பக்கமே விளக்கு எரியும், இரண்டு தடவை எதிர்ப்பக்கம். விளக்கைக் கண்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். அம்பு சரியாகக் காட்டியபோது கை முந்தியது, ஏமாற்றியபோது பிந்தியது. வித்தியாசம் சில பத்து மில்லிநொடிகள்தான். ஆனால் கண் துளியும் நகராமல் வந்த வித்தியாசம் அது. கவனித்தீர்களா, அம்பு கொடுத்ததும் ஒரு ஊகம்தான்.

எடை போடுவதை நியூரான் மட்டத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 1985-ல் மோரன், டெசிமோன் இருவரும் குரங்கின் பார்வைப் பகுதியில் ஒரே நியூரானின் பார்வை வட்டத்துக்குள் இரண்டு உருவங்களைச் சேர்த்துக் காட்டினார்கள். ஒன்று அந்த நியூரானுக்குப் பிடித்தது, அதாவது அதை வேகமாகத் துடிக்கவைப்பது. மற்றது பிடிக்காதது. குரங்கு பிடிக்காத உருவத்தைக் கவனித்தபோது, பிடித்தது கண்ணெதிரிலேயே இருந்தும் நியூரான் அது அங்கே இல்லாததுபோல் நடந்துகொண்டது.

மனிதர்களிடம் இதன் வேடிக்கையான வடிவம் ஊரறிந்தது. 1999-ல் ஹார்வர்டில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் பந்து விளையாடுபவர்களின் வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தடவை பந்தைக் கைமாற்றினார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு போகிறார். பாதிப்பேர் பார்க்கவே இல்லை. அதைவிட எனக்குத் திகிலாக இருப்பது 2013-ல் வந்தது. 24 ரேடியாலஜி மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசி ஸ்கேனில் ஒரு கொரில்லா படத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் கண்டுபிடிக்கவில்லை. கண் எங்கே போனது என்று கருவியில் பார்த்தால், தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் பார்வை கொரில்லாவின் மேலேயே விழுந்திருந்தது. திறமைக் குறைவு அல்ல இது. வெள்ளையான சிறிய உருண்டை என்ற ஊகத்துக்கு எடை முழுவதும் போய்விட்டது, கறுப்பு உருவத்துக்கு மிச்சமில்லை.

கவனத்தைத் தாங்கும் பகுதிகளில் ஒன்று உச்சந்தலைக்குக் கீழே, கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில் இருக்கிறது. வலதுபுறம் அந்த இடம் பக்கவாதத்தில் அடிபட்டால் சிலருக்கு இடதுபக்க உலகமே இல்லாமல் போய்விடும். கண் பார்வை நன்றாகவே இருக்கும். ஆனால் தட்டில் வலதுபாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் வேண்டும் என்பார். வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்வார். கடிகாரம் வரையச் சொன்னால் 12 எண்களையும் வலதுபாதிக்குள் நெருக்கித் திணிப்பார்.

இத்தாலியில் மிலான் நகரத்தின் நடுவில் பெரிய தேவாலயம் ஒன்று, எதிரே அகன்ற சதுக்கம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது மனப்பாடம். 1978-ல் எடோர்டோ பிஸியாக், கிளாடியோ லுட்ஸாட்டி இருவரும் இப்படி இடதுபக்கம் இழந்த இரண்டு பேரிடம், 'சதுக்கத்தின் அந்தக் கோடியில் தேவாலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன தெரிகிறது?' என்று கேட்டார்கள். வலதுபக்கத்துக் கட்டடங்களாகச் சொன்னார்கள். இடதுபக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 'சரி, இப்போது தேவாலயத்து வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்க்கிறீர்கள்' என்றதும், கொஞ்ச நேரத்துக்கு முன் விட்டுப்போன கட்டடங்களைச் சரளமாகச் சொன்னார்கள். முன்பு சொன்னவை காணாமல் போயின. ஞாபகம் முழுசாக உள்ளே இருக்கிறது. அதில் ஒரு பாதிக்குப் போக வழிதான் அடைபட்டிருக்கிறது. வெளி உலகத்தைப் பார்ப்பதற்கு மட்டும் அல்ல, மனசுக்குள் கட்டிய உலகத்தைப் பார்ப்பதற்கும் அதே கவனம் வேண்டியிருக்கிறது.

இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் கவனிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுப் போனில் பேசினால், வந்தது இரண்டாவது விசிலா மூன்றாவதா என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. காது கேட்காமல் இல்லை, எண்ணிக்கை நழுவிவிடுகிறது. 2001-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்ட்ரேயர், வில்லியம் ஜான்ஸ்டன் இருவரும் கார் ஓட்டுவதைப் போன்ற சோதனையில் ஆட்களைப் போனில் பேச வைத்தார்கள். சிக்னலைத் தவறவிடுவது இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காமல் பேசினாலும் ஒன்றுதான். கெடுப்பது கை இல்லை, பேச்சு. அப்படியானால் அவதானிகள் எப்படிச் சமாளித்தார்கள்? நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னையில் சபை நடுவே நூறு காரியங்களைக் கவனித்து சதாவதானி என்று பெயர் எடுத்தார். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் முதுகில் பூ எறிந்துகொண்டிருப்பார். அவதானத்தை நான் புரிந்துகொள்ளும் விதம் இது: நூறும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, விட்ட இடத்தைச் சிந்தாமல் பிடித்துவைப்பதுதான் வித்தை. தாவுவதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கூலி உண்டு என்பதை 1927-லேயே ஆர்தர் ஜெர்ஸில்ட் அளந்து காட்டிவிட்டார். அவதானி அந்தக் கூலியைப் பயிற்சியால் குறைத்தவர். குக்கர் விஷயத்தில் நான் குறைக்காதவன்.

பாயிண்ட்ஸ்மேன்

ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டுக்குப் போக வண்டியை எடுக்கிறீர்கள். சிக்னலில் நேராகப் போக வேண்டும். கை தானாக ஆபீஸ் பக்கம் திருப்புகிறது. பழக்கம் என்பது ஆயிரம் தடவை பலித்த ஊகம், அதன் இழுப்பு சாதாரணமானதல்ல. கீழே ஒவ்வொரு வரியிலும் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று மட்டும் வேகமாக, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

4 4

2 2 2 2

3

1 1 1

இரண்டு, நான்கு, ஒன்று, மூன்று. நாக்கு எங்கேயாவது தடுமாறியிருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டப் பழகிய எல்லோருக்கும் வாசிப்பது தானாக ஓடுகிற வண்டி. 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் இதை நிறங்களை வைத்துச் செய்தார். 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் இருந்தால், மையின் நிறத்தைச் சொல்ல நேரம் பிடிக்கிறது. உங்கள் நாக்கில் இரண்டு விடைகள் முட்டிக்கொண்டபோது, மூளையின் இரு பாதிகளும் சந்திக்கும் உள்சுவரில், முன்பக்கமாக இருக்கும் சிங்குலேட் பகுதி சுறுசுறுப்பாகியிருக்கும். 'இங்கே மோதல், ஆளை அனுப்புங்கள்' என்று சொல்வது அதன் வேலை என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். தப்பான பொத்தானை அமுக்கியவர்களிடம் அந்தப் பகுதியிலிருந்து எழும் அலை, அமுக்கி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்துவிடுகிறது. நாம் 'அய்யோ' என்பது அதற்கு ரொம்பப் பின்னால்.

அனுப்பப்படும் ஆள் நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கிறார். ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ் என்கிறார்கள். இந்தப் பகுதி முதிர்ந்து முடிய இருபத்தைந்து வயதுகூட ஆகிவிடும், வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 1971-ல் ஹோவாகின் ஃபுஸ்டர் குரங்குகளிடம் ஒன்றைக் கண்டார். தீனியை எங்கே வைத்தோம் என்று காட்டி மறைத்துவிட்டுக் காத்திருக்க வைத்தால், கண்ணெதிரே எதுவும் இல்லாத அந்த இடைவேளை முழுக்க இங்குள்ள சில நியூரான்கள் துடித்துக்கொண்டே இருக்கின்றன. இல்லாததைப் பிடித்து வைத்திருப்பதுதான் இந்தப் பகுதியின் வேலை என்று சுருக்கமாகச் சொல்லலாம்: மறைத்த தீனி, சொன்ன விதி, போக வேண்டிய ஊர். 2001-ல் ஏர்ல் மில்லர், ஜோனதன் கோஹன் இருவரும் இதற்கு ரயில் தண்டவாளத்தை உவமை சொன்னார்கள். நம் ஜோலார்பேட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வரும் வண்டி பெங்களூருக்கும் போகலாம், சேலத்துக்கும் போகலாம். ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ் வண்டியை இழுப்பதில்லை. எந்தப் பாதை என்று பாயிண்ட்டை மாற்றி, வண்டி கடக்கும்வரை பிடித்துக்கொள்கிறது.

பிடிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? பாரிஸில் ஃபிரான்ஸ்வா லெர்மித் 1983-ல் விவரித்த நோயாளிகள் நெற்றிப்பக்கம் மூளை சிதைந்தவர்கள். மேஜையில் டம்ளரும் தண்ணீர் ஜக்கும் வைத்தால் ஊற்றிக் குடிப்பார்கள். யாரும் குடிக்கச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தால் போட்டுக்கொள்வார்கள். இன்னொன்றைக் கொடுத்தால், போட்டிருப்பதற்கு மேலேயே அதையும் மாட்டிக்கொள்வார்கள். கண்ணாடி என்றால் மாட்டுவது. அந்த ஊகத்துக்கு எதிராக நின்று, 'ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே' என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கை. 'கவனத்துக்கு இந்த இடம், கட்டுப்பாட்டுக்கு அந்த இடம்' என்று மூளைக்குப் பட்டா போடுவது வசதியான பொய். நெற்றிப்பகுதி, உச்சிப்பகுதி, தாலமஸ், மூளைத்தண்டில் இருந்து மூளை முழுக்க நார் அனுப்பி விழிப்பைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு நீலப்புள்ளி, எல்லாம் சேர்ந்த வலைப்பின்னல் இது. மூளை செய்வது எல்லாமே ஊகம்தான் என்று அடித்துச் சொல்லும் கோட்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. எல்லாவற்றையும் விளக்கிவிடும் கோட்பாட்டைச் சோதித்துத் தோற்கடிப்பது கடினம்.

ஊகம், கவனம், கட்டுப்பாடு மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க வேண்டுமானால் கிரிக்கெட்டுக்குப் போகலாம். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை நொடிகூட ஆகாது. 2000-ல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் இருவரும் மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில் கண்ணசைவைப் பதியும் கேமராவை மாட்டி, பந்து வீசும் இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். 'பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே' என்பது எல்லாக் கோச்சும் சொல்வது. மூன்று பேருமே கண்ணை எடுத்தார்கள். பந்து புறப்படுவதைப் பார்த்ததும் கண் பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி, அங்கே காத்திருந்தது. திறமை கூடியவரின் கண் சீக்கிரம் தாவியது. குத்தும் இடத்தைப் பார்த்தபின் ஊகத்தில் கொஞ்சம் திருத்தம், அவ்வளவுக்குத்தான் நேரம்.

இப்போது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, அடி அடி என்று அழைக்கிற நீளத்தில் ஒரு பந்து. கால் முன்னே போய்விட்டது, பேட் இறங்கத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் வெளியே போகிறது என்று குத்தும் இடம் சொல்கிறது. தொடங்கிய செயலை நிறுத்த மூளைக்குச் சுமார் 200 மில்லிநொடி வேண்டும். அடிக்கும் கட்டளையும் நிறுத்தும் கட்டளையும் போட்டிபோட்டு ஓடுகின்றன, எது முந்துகிறதோ அதுதான் நடக்கும் என்று 1984-ல் கார்டன் லோகன், வில்லியம் கோவன் இருவரும் கணக்கிட்டார்கள். வலது நெற்றிப்பகுதியின் கீழ்ப்புறத்திலிருந்து மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு முடிச்சுக்குச் செய்தி பாய்கிறது. பேட் மேலே எழும்புகிறது, பந்து கீப்பரிடம் போய்ச் சேர்கிறது. அதற்கு ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள்.